எந்த நோய்க்கு எதிர்ப்பு சக்தி?

(பனவடலிசத்திரம் சுற்றுவட்டார விவசாயிகளுக்காக, வானொலிப் பண்ணை ஒலிபரப்பில் நிகழ்த்திய உரை)

பனவடலிசத்திரம், தேவர்குளம், மேலநீலிதநல்லூர், சங்கரன்கோவில் பக்கத்து நேயர்களோடு இன்றைக்கு நான் பேச எடுத்துக்கொண்டது விதையைப் பற்றியோ உரத்தைப் பற்றியோ இல்லை. உணவுப் பொருள் விளம்பரங்களிலே அடிக்கடி வருகிற ஒரு சொல்லைப் பற்றி. 'நோய் எதிர்ப்பு சக்தி' என்கிற சொல்தான் அது.

"என்னய்யா இது, பண்ணை ஒலிபரப்பிலே விளம்பரத்தைப் பத்திப் பேச வந்துட்டீரே!" என்று சில பெரியவர்கள் கேட்கலாம். காரணம் இருக்கிறது. நம்முடையது வானம் பார்த்த கரிசல் பூமி. உளுந்தும் பாசிப்பயறும் மக்காச்சோளமும் பருத்தியும் போட்டு, மழை கைகொடுத்தால்தான் நாலு காசு பார்க்கிறோம். அந்தக் காசு வீட்டுக்கு வந்ததும் எங்கே போகிறது? உளுந்தை மூட்டையோடு விற்றுவிட்டு, கோழி இட்ட முட்டையையும் கடைக்குக் கொடுத்துவிட்டு, அதே கடையிலே பிள்ளைக்கு ஒரு டப்பாப் பொடி வாங்குகிறோம். "மதினி, இதைப் பாலிலே கலக்கிக் குடுங்க, பிள்ளைக்கு எதிர்ப்பு சக்தி வரும், சளியே பிடிக்காது" என்று கடைக்காரர் சொல்கிறார். டி.வி.யிலும் செல்போனிலும் வெள்ளைக் கோட்டுப் போட்டவர் ஒருவர் வந்து அதையே சொல்கிறார். சத்துள்ள பொருள் வீட்டைவிட்டுப் போகிறது. சத்து என்று எழுதிய டப்பா வீட்டுக்குள் வருகிறது. இது லாபமா நட்டமா என்று கணக்குப் பார்க்க வேண்டாமா?

கணக்குப் பார்க்கிற வழி உங்களுக்குத் தெரியாததல்ல. வயலிலே நீங்கள் செய்கிற காரியம்தான்.

டானிக் பாட்டிலும் ஒப்புப் பாத்தியும்

உளுந்து பூக்கிற தருணம். ஒருவர் பாட்டிலோடு வருகிறார். "அண்ணாச்சி, இந்த டானிக்கை அடிங்க. பூ உதிராது, காய் திரட்சியா இருக்கும், பயிருக்கு எதிர்ப்பு சக்தி வரும்" என்கிறார். கூடவே, "இதை டி.ஏ.பி. கரைசலோடு சேர்த்து அடிக்கணும்" என்றும் சொல்கிறார்.

பூக்கும் சமயத்தில் ஒரு தடவையும் 15 நாள் கழித்து மறு தடவையும் 2 சதவீத டி.ஏ.பி. கரைசல் தெளிப்பது, நெடுங்காலமாக உளுந்துக்குச் சொல்லப்பட்டு வரும் பரிந்துரை. ஆகவே டானிக்கும் டி.ஏ.பி.யும் சேர்த்து அடித்து விளைச்சல் கூடினால், அது எதனாலே வந்தது? டி.ஏ.பி.யாலா, டானிக்காலா, நல்ல நேரத்தில் பெய்த ஒரு மழையாலா? பாட்டில்காரர் டானிக்கால் என்றுதான் சொல்வார்.

விவரமான விவசாயி என்ன செய்கிறார்? ஒரே வயலில், ஒரே விதையில், ஒரே நாளில் விதைத்த பயிரில் ஒரு பட்டத்துக்கு டி.ஏ.பி. மட்டும் அடிக்கிறார். பக்கத்துப் பட்டத்துக்கு டி.ஏ.பி.யும் டானிக்கும் சேர்த்து அடிக்கிறார். அறுவடையில் இரண்டையும் தனித்தனியாக அடித்து, தூற்றி, தராசில் வைக்கிறார். வித்தியாசம் இருந்தால் டானிக் வேலை செய்தது. இல்லையென்றால் பாட்டில் காசு போனது. இதுதான் ஒப்புப் பாத்தி. விஞ்ஞானம் என்று பெரிய வார்த்தையாகச் சொல்வதெல்லாம் அடிப்படையில் இதுதான். இந்த மாதிரிப் பயிர் ஊக்கிகளுக்கும் வரைமுறை வேண்டும் என்று மத்திய அரசு 2021ஆம் ஆண்டு அவற்றை உரக் கட்டுப்பாட்டு ஆணைக்குள் கொண்டுவந்தது.

பயிருக்கு விற்கிற டானிக்கை இப்படிச் சோதிக்கிற நாம், பிள்ளைக்கு விற்கிற டானிக்கை மட்டும் ஏன் கேள்வி கேட்காமல் வாங்குகிறோம்? அதைக் கேட்கத்தான் இன்றைய பேச்சு.

எதிர்ப்பு சக்தி என்பது ஒரே சக்தியா?

முதலில் இந்தச் சொல்லின் பொருளைப் பார்ப்போம். விளம்பரத்தைப் பார்த்தால், உடம்புக்குள்ளே ஒரு தொட்டி இருப்பது போலவும், அதிலே எதிர்ப்பு சக்தி குறைந்து கிடப்பது போலவும், பொடியைக் கலக்கிக் குடித்ததும் அது நிரம்பி வழிவது போலவும் தோன்றும். உண்மை அப்படியில்லை. ஆடு மாடு வைத்திருப்பவர்களுக்கு இது சுலபமாகப் புரியும்.

ஆட்டுக்கு ஆட்டுக்கொல்லி நோய்க்குத் தடுப்பூசி போடுகிறோம். அந்த ஊசி துள்ளுமாரி நோயைத் தடுக்குமா? தடுக்காது. அதற்கு வேறே ஊசி. மாட்டுக்குக் கோமாரி ஊசி போடுகிறோம். கோமாரிக் கிருமியிலேயே நம் நாட்டில் ஓ, ஏ, ஏசியா-1 என்று மூன்று வகை உண்டு. ஒரு வகைக்கு எதிராக வந்த சக்தி மற்ற வகையைத் தடுக்காது. ஆகவேதான் மூன்றையும் சேர்த்து ஒரே ஊசியாகத் தயாரிக்கிறார்கள். 2019இல் தொடங்கிய தேசியத் திட்டத்தின் கீழ் நம் மாடுகளுக்கு இலவசமாகப் போடப்படுவதும் இந்தத் தடுப்பூசிதான். ஒரே நோயின் மூன்று வகைக்கே மூன்று பங்கு ஏற்பாடு தேவைப்படுகிறது. அப்படியிருக்க, ஒரே கரண்டிப் பொடி எல்லா நோய்க்கும் எதிர்ப்பு சக்தி தரும் என்றால் கொஞ்சம் யோசிக்க வேண்டாமா?

மனித உடம்பிலும் இப்படித்தான். தோல் ஒரு வேலி. மூக்குச்சளியும் இரைப்பை அமிலமும் இன்னொரு வேலி. வேலியைத் தாண்டி வந்த கிருமியைப் பார்த்ததும் பாய்கிற வெள்ளை அணுக்கள் உண்டு. ஒரு தடவை வந்த கிருமியை அடையாளம் வைத்திருந்து, மறு தடவை வரும்போது பிடிக்கிற அணுக்களும் உண்டு. இவையெல்லாம் பல ஆட்கள் சேர்ந்து பார்க்கிற காவல் வேலை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இந்தக் காவல் எவ்வளவு கூடுகிறதோ அவ்வளவுக்கு நல்லது என்று எண்ணக்கூடாது. காவல் நாய் வீட்டு ஆளையே கடிக்க ஆரம்பித்தால் என்ன ஆகும்? ஒவ்வாமை, ஆஸ்துமா, மூட்டுகளை முடக்குகிற ஒரு வகை வாதம் எல்லாம், எதிர்ப்பு அணுக்கள் தேவையில்லாத இடத்தில் வேலை செய்வதால் வருகிற கோளாறுகள்தான். உடம்புக்கு வேண்டியது சீரான காவல். 'இரண்டு மடங்கு எதிர்ப்பு சக்தி' என்று யாராவது சொன்னால், எது இரண்டு மடங்கு ஆயிற்று என்று கேட்க வேண்டும். ரத்தத்தில் ஒரு வகை அணு கூடியிருக்கலாம். ஆனால் நோய் குறைந்ததா? உளுந்துச் செடி முழங்கால் உயரம் கருகருவென்று வளர்ந்து, கையை விட்டுப் பார்த்தால் காயே இல்லாமல் இருப்பதை நீங்கள் பார்த்ததில்லையா? செடியின் உயரம் விளைச்சல் ஆகாது. அணுவின் எண்ணிக்கையும் ஆரோக்கியம் ஆகாது.

2020இல் நடந்தது

இந்தச் சொல் நம் வீடுகளுக்குள் வெள்ளமாக வந்தது கொரோனா காலத்தில். ஜனங்கள் பயந்து போயிருந்தார்கள். பயம் இருக்கிற இடத்தில் வியாபாரம் சுலபம்.

2020ஆம் ஆண்டு ஜூலை மாதம் கோயம்புத்தூரில் ஓர் இனிப்புக் கடை, 'மூலிகை மைசூர்பா' சாப்பிட்டால் கொரோனா குணமாகும் என்று விளம்பரம் செய்தது. உணவுப் பாதுகாப்புத் துறை அதிகாரிகள் போய்ச் சரக்கைக் கைப்பற்றினார்கள்; கடைக்குச் சீல் வைத்தார்கள்; உரிமமும் ரத்தாயிற்று.

அதே ஆண்டு ஜூன் 23ஆம் தேதி, பதஞ்சலி நிறுவனம் 'கொரோனில்' என்ற மாத்திரையைக் கொரோனாவுக்கு மருந்து என்று அறிமுகம் செய்தது. மத்திய ஆயுஷ் அமைச்சகம் அன்றைக்கே, விவரங்களைச் சரிபார்க்கும் வரை விளம்பரத்தை நிறுத்தச் சொன்னது. உரிமம் கேட்டு விண்ணப்பித்தபோது கொரோனா என்ற பேச்சே இல்லை, எதிர்ப்பு சக்தி கூட்டும் பொருள் என்றுதான் எழுதியிருந்தார்கள் என்று உத்தரகண்ட் மாநில அதிகாரிகள் சொன்னார்கள். பிறகு 'குணமாக்கும்' என்ற சொல் இல்லாமல் அது விற்பனைக்கு வந்தது. அந்த நிறுவனத்தின் மருந்து விளம்பரங்கள் தொடர்பான வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 2024 பிப்ரவரியில் விளம்பரங்களுக்குத் தடை விதிக்கப்பட்டது. நிறுவனத்தார் மன்னிப்புக் கேட்ட பின், அந்த ஆண்டு ஆகஸ்டில் அவமதிப்பு வழக்கு முடித்து வைக்கப்பட்டது.

இதிலே நாம் கவனிக்க வேண்டியது ஒரு விஷயம். 'இந்த நோயைக் குணமாக்கும்' என்று சொன்னால் சட்டம் ஆதாரம் கேட்கிறது. நோயாளி குணமானாரா இல்லையா என்று பார்த்துவிடலாம். 'எதிர்ப்பு சக்தி கூட்டும்' என்று சொல்லிவிட்டால், சாப்பிட்டவருக்கு நோய் வந்தாலும் "சாப்பிடாவிட்டால் இன்னும் மோசமாகியிருக்கும்" என்று தப்பித்துக்கொள்ளலாம். நோய் வராவிட்டால் பொடிக்குப் பெருமை. இரண்டு பக்கமும் விற்பவருக்கே ஜெயம். தராசில் வைக்க முடியாத சொல் என்பதால்தான் அதை இவ்வளவு தாராளமாக எழுதுகிறார்கள்.

கேட்க வேண்டிய நாலு கேள்விகள்

சரி, டப்பாவைக் கையில் எடுத்தால் என்ன கேட்பது? நாலே நாலு கேள்வி.

முதல் கேள்வி: எந்த நோய்க்கு? சளிக்கா, வயிற்றுப்போக்குக்கா, காசநோய்க்கா? நோயின் பெயரைச் சொல்லாமல் எதிர்ப்பு சக்தி என்று மட்டும் எழுதியிருந்தால், என்ன பூச்சிக்கு என்று எழுதாத பூச்சிமருந்து பாட்டில் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். அதை யாராவது வாங்குவீர்களா?

இரண்டாவது கேள்வி: எதோடு ஒப்பிட்டு? இதற்கு வெளிநாட்டு உதாரணம் ஒன்று சொல்கிறேன். அமெரிக்காவில் கெல்லாக்ஸ் நிறுவனம், தன்னுடைய கோதுமைச் சிற்றுண்டியைக் காலையில் சாப்பிட்டால் பிள்ளைகளின் கவனம் ஏறக்குறைய 20 சதவீதம் கூடும், ஆய்வில் நிரூபணமாயிற்று என்று விளம்பரம் செய்தது. அந்நாட்டு வர்த்தக ஆணையம் ஆய்வைத் தோண்டிப் பார்த்தது. பிள்ளைகளில் ஏறக்குறையப் பாதிப் பேருக்குத்தான் ஏதாவது முன்னேற்றம் இருந்தது. 20 சதவீதமோ அதற்கு மேலோ முன்னேறியவர்கள் ஒன்பது பேரில் ஒருவர். அதுவும் யாரோடு ஒப்பிட்டு? காலையில் தண்ணீர் மட்டும் குடித்த பிள்ளைகளோடு! இட்லியோ கம்பங்கஞ்சியோ குடித்த பிள்ளையோடு ஒப்பிட்டிருந்தால் என்ன வந்திருக்கும்? பட்டினி வயலையும் உரம் போட்ட வயலையும் ஒப்பிட்டுவிட்டு, என் கம்பெனி உரம்தான் உசத்தி என்று சொல்வது போன்ற கதை.

2009இல் அந்த விளம்பரத்தை நிறுத்த ஆணை வந்தது. அதே நிறுவனம் தன்னுடைய பொரியரிசிச் சிற்றுண்டிப் பெட்டியில், 'உங்கள் பிள்ளையின் எதிர்ப்பு சக்திக்குத் துணை' என்று அச்சடித்தது. சில வைட்டமின்களைச் சேர்த்ததுதான் அதற்கு ஆதாரம். 2010இல் ஆணையம் மறுபடி தலையிட்டு, தகுந்த ஆய்வு ஆதாரம் இல்லாமல் எந்த ஆரோக்கிய விளம்பரமும் செய்யக்கூடாது என்று ஆணையை விரிவுபடுத்தியது. படித்தவர்கள் நிறைந்த நாட்டிலேயே இந்தக் கதி என்றால், நாம் ஏமாறுவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஏமாந்துகொண்டே இருப்பதுதான் கூடாது.

மூன்றாவது கேள்வி: யாருக்குக் கொடுத்துப் பார்த்தார்கள்? எலுமிச்சையைக் கொண்டு இதைச் சொல்கிறேன். புளியங்குடி மார்க்கெட்டுக்குப் பழம் அனுப்புகிற அண்ணாச்சிமார்கள் கோபிக்கக்கூடாது. எலுமிச்சையில் வைட்டமின் சி இருக்கிறது, நல்ல பழம், சாப்பிட வேண்டியதுதான். ஆனால் வைட்டமின் சி சாப்பிட்டால் சளி பிடிக்காது என்கிறார்களே, அது சரியா? இதைப் பற்றி உலகத்தில் நடந்த 29 சோதனைகளை, 11,000க்கு மேற்பட்ட ஆட்களின் விவரங்களை, ஒன்று சேர்த்து 2013இல் வெளியிட்டார்கள். தினமும் வைட்டமின் சி மாத்திரை சாப்பிட்ட சாதாரண ஜனங்களுக்குச் சளி பிடிப்பது குறையவில்லை. வந்த சளி நீடிக்கிற காலம் பெரியவர்களுக்கு 8 சதவீதம், பிள்ளைகளுக்கு 14 சதவீதம் குறைந்தது. ஏழு நாள் சளி என்றால் பெரியவர்களுக்கு அரை நாள், பிள்ளைகளுக்கு ஒரு நாள். நெடுந்தூர ஓட்டக்காரர்கள், கடுங்குளிரில் பயிற்சி செய்யும் படைவீரர்கள் ஆகியோருக்கு மட்டும் சளி பிடிப்பது ஏறக்குறையப் பாதியாகக் குறைந்தது. பார்த்தீர்களா? ஒரே சத்து, ஆளுக்குத் தகுந்தபடி பலன் மாறுகிறது. துத்தநாகம் குறைந்த மண்ணில் துத்தநாக சல்பேட் போட்டால் பலன் தெரியும். ஏற்கெனவே போதுமான அளவு இருக்கிற மண்ணில் மேலும் மேலும் கொட்டினால் காசுதான் கரையும். உடம்பும் அப்படியே.

நாலாவது கேள்வி: எவ்வளவு இருக்கிறது, என்ன விலை? டப்பாவின் முன்பக்கத்தை விடுங்கள், பின்பக்கத்தைத் திருப்புங்கள். சேர்மானங்களை எடை கூடியதிலிருந்து குறைந்தது வரை வரிசையாக எழுத வேண்டும் என்பது சட்டம். முதல் இரண்டு மூன்று பெயருக்குள் சர்க்கரை வந்துவிட்டால், நீங்கள் அதிகமாக வாங்குவது எதை என்று தெரிந்துவிடும். பாலில் கலக்குகிற மால்ட் பொடிகள் பலவற்றில் 100 கிராமுக்கு 30 கிராமுக்கு மேலே சர்க்கரை உண்டு. பிறகு ஒரு தடவைக் கலக்குகிற பொடியில் புரதம் எத்தனை கிராம் என்று பாருங்கள். ஒரு கோழிமுட்டையில் ஏறக்குறைய 6 கிராம் புரதம் இருக்கிறது. இரண்டின் விலையையும் எழுதி வைத்துக் கூட்டிக் கழித்துப் பாருங்கள். கண்ணாடி போடுகிற பெரியவர்கள், பள்ளிக்கூடம் போகிற பேரப்பிள்ளையைப் படிக்கச் சொல்லுங்கள். 'ஹெல்த் டிரிங்க்' என்ற பெயருக்கு நம் உணவுச் சட்டத்தில் விளக்கமே கிடையாது என்று 2024 ஏப்ரலில் மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையமே சொல்லியிருக்கிறது.

சின்ன எழுத்தையும் படிக்கச் சொல்லுங்கள். 'சரிவிகித உணவோடு சேர்த்து உட்கொள்ளும்போது' என்று எழுதியிருக்கும். நம்முடைய டானிக்காரர் 'டி.ஏ.பி.யோடு சேர்த்து அடிக்கணும்' என்றாரே, அதே வித்தைதான். பலன் உணவாலா, பொடியாலா?

அப்படியானால் சத்துணவுக்கும் நோய்க்கும் சம்பந்தமே இல்லையா?

இந்த இடத்தில் யாரும் தப்பாக எடுத்துக்கொள்ளக்கூடாது. சம்பந்தம் நிச்சயமாக உண்டு. புரதமும் இரும்பும் துத்தநாகமும் வைட்டமின்களும் குறைந்தால் உடம்பின் காவல் தளர்ந்துவிடும். ஐரோப்பிய நாடுகளில் 2012இல் வந்த சட்டப் பட்டியலில், வைட்டமின் சி, டி, துத்தநாகம், இரும்பு போன்ற சில சத்துகளுக்கு, 'எதிர்ப்பு அமைப்பின் இயல்பான இயக்கத்துக்கு உதவுகிறது' என்று எழுத அனுமதி கொடுத்திருக்கிறார்கள். 'இயல்பான' என்ற சொல்லைக் கவனியுங்கள். குறையை நிரப்பலாம், அதுவரைக்கும்தான்.

உணவால் நோயைத் தடுக்க முடியுமா என்று ஒழுங்காகச் சோதித்த ஆய்வு ஒன்றை நம்முடைய ஆட்களே நடத்தியிருக்கிறார்கள். சென்னையில் இருக்கிற தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனத்தின் மேற்பார்வையில், ஜார்க்கண்ட் மாநிலத்தின் 4 மாவட்டங்களில் 2019இல் தொடங்கி நடந்தது அது. காசநோயாளிகளின் வீட்டில் கூட இருக்கிற 10,345 பேரை எடுத்துக்கொண்டார்கள். நோயாளிகளுக்கு இரண்டு பக்கமும் சத்துணவுப் பொருள் கொடுத்தார்கள். வித்தியாசம் வீட்டாரிடம் மட்டும். ஒரு பகுதி வீட்டாரில் பெரியவர் ஒருவருக்கு மாதம் 5 கிலோ அரிசி, ஒன்றரைக் கிலோ பருப்பு, கூடவே வைட்டமின் மாத்திரை. இன்னொரு பகுதி வீட்டாருக்கு அது இல்லை. அதாவது ஒப்புப் பாத்தி! முடிவு 2023 ஆகஸ்டில் வெளியாயிற்று. அரிசி பருப்பு வாங்கிய வீட்டாரிடம் காசநோய் 39 சதவீதம் குறைந்திருந்தது. பிறருக்குத் தொற்றுகிற வகை 48 சதவீதம் குறைந்திருந்தது.

அரிசியும் பருப்பும்! நம் வயலில் விளைகிற பொருள் மாதிரிதான். இதற்கு டி.வி.யிலே எந்த விளம்பரமும் வருவதில்லை. நாம் கேட்ட நாலு கேள்விக்கும் இந்த ஆய்வில் விடை இருக்கிறது. எந்த நோய்? காசநோய். எதோடு ஒப்பிட்டு? பொருள் வாங்காத வீட்டாரோடு. யாருக்கு? போதிய உணவில்லாத ஏழை ஜனங்களுக்கு. எவ்வளவு? மாதம் இத்தனை கிலோ. வயிறார உண்கிறவர் இன்னும் ஐந்து கிலோ அரிசி சாப்பிட்டால் இன்னும் பலம் வரும் என்று இதற்கு அர்த்தமில்லை.

நோய் வந்த பிறகு உணவு மட்டும் போதுமா என்பதற்கும் அதே சென்னை நிறுவனம் முன்னாலேயே விடை தந்திருக்கிறது. 1956இல் அந்த நிறுவனம் தொடங்கியபோது, காசநோயாளிகளில் ஒரு பகுதியினரைச் சானடோரியத்தில் வைத்து நல்ல சாப்பாடும் ஓய்வும் மருந்தும் கொடுத்தார்கள். இன்னொரு பகுதியினருக்கு, குடிசை வீட்டிலேயே, கிடைத்த சாப்பாட்டோடு, அதே மருந்தைக் கொடுத்தார்கள். 1959இல் முடிவு வந்தது. இரண்டு பக்கமும் குணமானது ஏறக்குறைய ஒரே அளவு. மருந்தை ஒழுங்காகச் சாப்பிட்டதுதான் காரணம். உலகம் முழுதும் காசநோய்க்கு வீட்டிலேயே வைத்தியம் பார்க்கும் முறை வந்ததில் இந்த ஆய்வுக்குப் பெரும் பங்கு உண்டு. ஆக, நல்ல உணவு நோய் வராமல் தடுக்க உதவும். வந்துவிட்டால் மருந்துதான் குணமாக்கும். இரண்டையும் குழப்பிக்கொண்டு, ரெண்டு வாரம் இருமுகிற ஆளுக்கு எதிர்ப்பு சக்திப் பொடியைக் கலக்கிக் கொடுத்துக்கொண்டிருந்தால் நாள் கடந்துவிடும். டப்பாவால் வருகிற நட்டங்களில் ரூபாய் நட்டம் சின்னது. நாள் நட்டம்தான் பெரிது.

செய்ய வேண்டியவை

தாய்மார்களே, பிள்ளைக்கு எதிர்ப்பு சக்தி வேண்டும் என்றால் முதல் வேலை, கிராம சுகாதார செவிலியர் சொல்கிற தேதியில் தடுப்பூசி போடுவது. எந்த நோய்க்கு என்று பெயர் சொல்லி வருகிற எதிர்ப்பு சக்தி அது. 9 மாதம் முதல் 5 வயது வரை, ஆறு மாதத்துக்கு ஒருமுறை வைட்டமின் ஏ திரவம் இலவசமாகக் கொடுக்கிறார்கள், தவறவிடாதீர்கள். வயிற்றுப்போக்கு வந்தால் உப்பு-சர்க்கரைக் கரைசலோடு, செவிலியர் தரும் துத்தநாக மாத்திரையைச் சொன்ன நாள்வரை கொடுங்கள். அங்கன்வாடியில் தருகிற சத்துமாவைக் கோழிக்கும் மாட்டுக்கும் போட்டுவிட்டுக் கடைப் பொடி வாங்குகிற வழக்கத்தை விட்டுவிடுங்கள்.

விற்கிற உளுந்திலும் பாசிப்பயறிலும் வீட்டுக்கு ஒரு மரக்கால் நிறுத்திக்கொள்ளுங்கள். முட்டையில் பாதியாவது பிள்ளை தட்டுக்கு வரட்டும். கொல்லையில் ஒரு முருங்கை, ஒரு கொய்யா வையுங்கள். எடைக்கு எடை எலுமிச்சையைவிடக் கொய்யாவில் வைட்டமின் சி பல மடங்கு அதிகம்.

இரண்டு வாரத்துக்கு மேல் இருமல், மாலையில் காய்ச்சல், எடை குறைவு இருந்தால் அரசு ஆஸ்பத்திரியில் சளிப் பரிசோதனை இலவசம். சிகிச்சைக் காலத்தில் சத்துணவுக்காக மத்திய அரசு மாதம் 500 ரூபாய் தருவதை 2018இல் தொடங்கி, 2024 நவம்பரிலிருந்து 1,000 ரூபாயாக உயர்த்தியது. அந்தப் பணத்தில் டப்பா வாங்காதீர்கள்; பருப்பும் முட்டையும் வாங்குங்கள்.

கடைசியாக, மகளிர் குழுவாகச் சேர்ந்து சத்துமாவு, முருங்கை இலைப்பொடி, எலுமிச்சை ஊறுகாய் போட்டு விற்கிற சகோதரிகளுக்கு ஒரு வார்த்தை. பெரிய கம்பெனி போடுகிறதே என்று நீங்களும் லேபிளில் 'எதிர்ப்பு சக்தி கூடும்', 'சர்க்கரை நோய் தீரும்' என்று அச்சடிக்க வேண்டாம். உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணயச் சட்டம், 2006இன்படி தவறான விளம்பரத்துக்கு 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் உண்டு. அது சின்னவர், பெரியவர் என்று பார்க்காது. என்னென்ன தானியம், எத்தனை பங்கு, எந்தத் தேதியில் அரைத்தது என்று எழுதுங்கள். முடிந்தால் ஆய்வகத்தில் கொடுத்துப் புரதம், இரும்பு அளவைச் சோதித்து எண்ணைப் போடுங்கள். உள்ளதைச் சொல்லி விற்கிற பொருளை ஜனங்கள் மறுபடி தேடி வருவார்கள்.

நம்ப முடியாத விளம்பரத்தைப் பார்த்தால் சும்மா இருக்காதீர்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. டப்பாவை, ரசீதை, விளம்பரத்துண்டைப் பத்திரப்படுத்தி வைத்துக்கொண்டு பேசுங்கள். மாவட்டத்தில் உணவுப் பாதுகாப்பு அலுவலரிடமும் புகார் எழுதிக் கொடுக்கலாம்.

நேயர்களே, அடுத்த தடவை கடையிலே டப்பாவை நீட்டினால், கோபப்படாமல் மெதுவாகக் கேளுங்கள்: "அண்ணாச்சி, எந்த நோய்க்கு? எதோட ஒப்பிட்டுப் பார்த்தாங்க? யாருக்குக் குடுத்துப் பார்த்தாங்க? இதிலே எவ்வளவு இருக்கு, என்ன விலை?" விடை வந்தால் யோசித்து வாங்குங்கள். விடை வராவிட்டால் அந்தக் காசுக்கு முட்டை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போங்கள்.